இரவு 11.24க்கு வந்த பதிவு: பல கணக்குகளை ஒரே கையில் வைத்திருப்பது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2011 பிப்ரவரி 15, செவ்வாய்க்கிழமை, இரவு 11.24 மணி. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ட்விட்டர் கணக்கில் ஒரு பதிவு வந்தது. நண்பன் இன்னும் இரண்டு பீர் பெட்டிகளைக் கண்டுபிடித்துவிட்டான், ஒவ்வொன்றிலும் நாலு பாட்டில், நாங்கள் குடித்தால் ஒழுங்காகக் குடிப்போம் என்று அதில் இருந்தது. பீரின் பெயரும் இருந்தது: டெலவேர் மாநிலத்து டாக்ஃபிஷ் ஹெட் நிறுவனத்தின் மிடாஸ் டச். கடைசியில், போதை ஏறுவதைச் சொல்லும் கொச்சைச் சொல் ஒன்று ஹேஷ்டேகாக ஒட்டிக்கொண்டிருந்தது.

ரத்த தானம், புயல் முகாம், வீடு எரிந்து நடுத்தெருவில் நிற்கும் குடும்பத்துக்குப் போர்வை என்று பேசுகிற கணக்கு அது. 1881இல் கிளாரா பார்ட்டன் தொடங்கிய சங்கம். இதற்கு ஓராண்டு முன்பு, 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, போனிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் 10 டாலர் நன்கொடை என்று இவர்கள் அறிவித்தார்கள். அந்த ஒரு வழியில் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. பெயரைப் பார்த்த உடனே, யோசிக்காமல் மக்கள் காசு அனுப்பும் அளவுக்கு நம்பிக்கை. அந்தப் பெயரின் கீழ்தான் இந்தப் பதிவு நின்றது.

நான் திருச்சியில் சிறு நிறுவனங்களின் சமூக ஊடகக் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். நாங்கள் மூன்று பேர். ஒரு ஜவுளிக்கடை, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பல் மருத்துவர், ஒரு பேக்கரி, ஒரு ஹார்டுவேர் கடை. எல்லாம் சேர்த்து 19 கணக்குகள். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாள் நான் சொல்வது இந்த 11.24 கதையைத்தான். பல கணக்குகளை நாளும் நிர்வகிப்பதில் எது உடையும், எங்கே உடையும், உடைந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் இந்த ஒரு பதிவுக்குள் இருக்கிறது.

அந்த ஒரு மணி நேரம்

பதிவைப் போட்டவர் சங்கத்தின் சமூக ஊடகப் பிரிவில் வேலை செய்த ஒரு பெண். அவருக்குச் சொந்தமாக ஒரு ட்விட்டர் கணக்கு இருந்தது. சொந்தக் கணக்கு, சங்கத்தின் கணக்கு இரண்டையும் ஹூட்சூட் என்ற ஒரே கருவிக்குள் வைத்திருந்தார். தன் நண்பர்களுக்கு எழுதியது சங்கத்தின் பெயரில் போய்விட்டது.

பதிவு ஏறத்தாழ ஒரு மணி நேரம் அப்படியே நின்றது. சங்கத்தின் சமூக ஊடக இயக்குநர் வெண்டி ஹார்மனுக்கு நள்ளிரவில் போன் வந்தது. எழுந்து பதிவை அழித்தார். அதோடு விடவில்லை. தவறிப் போன ட்வீட்டை அழித்துவிட்டோம், செஞ்சிலுவைச் சங்கம் நிதானமாகத்தான் இருக்கிறது, சாவியைப் பிடுங்கி வைத்துவிட்டோம் என்ற பொருளில் ஒரு பதிவு போட்டார்கள். குடித்தவர் வண்டி ஓட்டாமலிருக்கச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். படித்தவர்களுக்குச் சட்டென்று புரிந்தது. அந்தப் பெண்ணும் தன் கணக்கில், ஹூட்சூட்டைச் சரியாகக் கையாளத் தெரியாமல் நடந்த தவறு இது என்று வெளிப்படையாக எழுதினார். வேலையை விட்டு அவரை நீக்கவில்லை.

மறுநாள் நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. டாக்ஃபிஷ் ஹெட் நிறுவனம் தன்னைப் பின்தொடர்பவர்களிடம் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நன்கொடை கொடுங்கள் என்று கேட்டது. பீர்ப் பிரியர்கள் அதே கொச்சை ஹேஷ்டேகைப் போட்டுக்கொண்டே பணம் அனுப்பினார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு கோப்பை பீர் எங்கள் செலவு என்று சில மதுக்கூடங்கள் அறிவித்தன.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பதில் சொன்ன அழகைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நள்ளிரவில் வந்த அந்தப் போன். ஹார்மனின் எண் யாரிடமோ இருந்தது, போன் ஒலித்தது, அவர் எடுத்தார், அவரிடம் கணக்கைத் திறக்கும் அனுமதி இருந்தது. இந்த நாலில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் காலை ஒன்பது மணி வரை பீர் பதிவு அங்கேயே நின்றிருக்கும்.

பெட்டி ஒன்று, பெயர் இரண்டு

ஹூட்சூட் போன்ற கருவிகளில் எழுதும் பெட்டி ஒன்றுதான். எந்தக் கணக்கில் போக வேண்டும் என்பதைப் பக்கத்திலிருக்கும் சின்னச் சின்னப் படங்களில் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுதும்போது நம் கண் எழுத்தின் மேல்தான் இருக்கும். கட்டை விரல் நகம் அளவுகூட இல்லாத அந்தப் படத்தின் மேல் இருக்காது. பகலில், மேசையில், வேலை நேரத்தில் இது பெரிய ஆபத்தில்லை. அப்போது எழுதுவதெல்லாம் வேலைக்கானதுதான். ஜவுளிக்கடைப் பதிவு பேக்கரிக்குப் போனால்கூட ஒரு மன்னிப்போடு முடிந்துவிடும். இரவில், சொந்த நேரத்தில், மனசு நண்பர்களோடு இருக்கும்போது அதே பெட்டியைத் திறந்தால் கதை வேறு. வேலை அதிகமாக இருக்கும்போது இந்தத் தவறு அதிகம் நடப்பதில்லை. பெரும்பாலும் வேலை முடிந்த பிறகுதான் நடக்கிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. போன வருஷம் ஆவணியில் மணப்பாறைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மறுநாள் கறிவிருந்து. பந்தியில் உட்கார்ந்து, இலையில் பிரியாணி விழுந்ததும் ஒரு படம் எடுத்து, 'செம்ம கட்டு' என்று எழுதி இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போட்டேன். அப்போது என் போனில் என் ஐடியோடு வாடிக்கையாளர்களின் ஐடி நாலும் இருந்தன. இன்ஸ்டாகிராம் 2016இலிருந்தே ஒரே செயலியில் ஐந்து ஐடி வரை வைத்துக்கொள்ள விடுகிறது. கீழே வலது மூலையிலிருக்கும் முகப்புப் படத்தை இரண்டு தடவை தட்டினால் போதும், அடுத்த ஐடிக்கு மாறிவிடும். கை ஈரமாக இருந்தது. எப்போது தட்டினேன் என்று எனக்கே தெரியாது.

நாற்பது நிமிஷம் கழித்துப் பரிசோதனை நிலையத்து டாக்டர் கூப்பிட்டார். "தம்பி, நம்ம பேஜ்ல பிரியாணி போட்டிருக்கீங்க போல, கொஞ்சம் பாருங்க." கோபமே இல்லாத குரல். அழிக்கப் போனபோது அந்த ஸ்டோரிக்கு ஒரு பதில் வந்திருந்தது. "அப்பாவோட பயாப்ஸி ரிசல்ட் இன்னும் வரலைங்க. எப்ப வரும்?"

அந்த ஒரு வரியை நான் மறக்கவில்லை. அப்பாவுக்குப் புற்றுநோயா இல்லையா என்று தெரியாமல் போனைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் முதலில் பார்த்தது என் இலையைத்தான். மண்டபத்துக்கு வெளியே வந்து நிலையத்துக்குப் போன் போட்டு, அவரை உடனே கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். அன்று சாயங்காலமே அந்த நாலு ஐடியையும் என் போனிலிருந்து எடுத்தேன். இன்று வரை திரும்பப் போடவில்லை.

அடுத்த மாதம், டெட்ராய்ட்

செஞ்சிலுவைச் சங்கத்தில் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2011 மார்ச் 9ஆம் தேதி கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கில், மோட்டார் நகரம் என்று பெயர் வாங்கிய டெட்ராய்ட்டில் ஒருத்தருக்கும் வண்டி ஓட்டத் தெரியவில்லையே என்று கெட்ட வார்த்தையோடு ஒரு பதிவு வந்தது. கணக்கைப் பார்த்துக்கொண்டது ஒரு வெளி நிறுவனம். அங்கே வேலை செய்த ஒருவர் தன் சொந்தக் கணக்கில் போடுவதாக நினைத்துக்கொண்டு போட்டது. தவறு அச்சு அசலாக அதேதான்.

அதன் பிறகு நடந்தவை வேறு திசையில் போயின. முதலில், எங்கள் கணக்குக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்ற தொனியில் ஒரு மன்னிப்புப் பதிவு வந்தது. பிறகுதான் உண்மை வெளியே வந்தது. பதிவு போட்டவரை வெளி நிறுவனம் வேலையை விட்டு நீக்கியது. அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தத்தைத் தொடரப் போவதில்லை என்று கிரைஸ்லர் அறிவித்தது. 2009இல் திவால் வரை போய் மீண்ட நிறுவனம் அது. ஒரு மாதம் முன்புதான் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் இறுதிப் போட்டியின் நடுவே டெட்ராய்ட்டைக் கொண்டாடி இரண்டு நிமிஷ விளம்பரம் போட்டிருந்தது. அந்த ஊரையே திட்டிய பதிவு என்பதால் வலி அதிகம் என்பது எனக்குப் புரிகிறது.

ஆனாலும் ஆளை அனுப்பியதால் எதுவும் சரியாகவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். சொந்தக் கணக்கும் நிறுவனக் கணக்கும் ஒரே போனில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வரை, அந்த நாற்காலியில் அடுத்து உட்காருபவருக்கும் அதே இரவு வரும். அடுத்த வருஷமே கிச்சன்எய்டு என்ற சமையல் கருவி நிறுவனத்துக்கு வந்தது. 2012 அக்டோபர் 3, அதிபர் தேர்தல் விவாதம் நடந்துகொண்டிருந்த இரவு. ஒபாமாவின் இறந்துபோன பாட்டியைப் பற்றி ஒரு கேவலமான வரி அந்த நிறுவனத்தின் பெயரில் வெளியே போனது. அதுவும் குழுவில் ஒருவர் தன் கணக்கு என்று நினைத்துப் போட்டதுதான். மூன்று நிறுவனங்கள், மூன்று நல்ல குழுக்கள், தவறு ஒன்று. இதை ஆளின் கவனக்குறைவு என்று எழுதி மூடிவிட எனக்கு மனசு வரவில்லை. ஏற்பாட்டில்தான் கோளாறு.

செஞ்சிலுவைச் சங்கம் அந்த இரவுக்குப் பிறகு சமூக ஊடகத்தை விட்டு ஒதுங்கிப் போகவில்லை. 2012 மார்ச்சில் டெல் நிறுவனத்தின் உதவியோடு வாஷிங்டனில் டிஜிட்டல் செயல்பாட்டு மையம் ஒன்றைத் திறந்தது. பேரிடர் நேரத்தில் மக்கள் எழுதுவதைத் திரையில் பார்த்து, உதவி தேவைப்படும் இடத்தைக் கண்டறிவதற்கான அறை அது.

எங்கள் வேலைமுறை

பிரியாணிக்கு மறுவாரம் நாங்கள் மூவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம். அலுவலகத்துக்கென்று இரண்டு போன் வாங்கினோம். வாடிக்கையாளர்களின் ஐடி அதில் மட்டும்தான். எந்தப் போனில் எந்த ஐடி என்று பின்பக்கம் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறது. சொந்தப் போனில் சொந்த ஐடி மட்டும். ஷெட்யூல் போடுவது, அதாவது பதிவு எப்போது தானாகப் போக வேண்டும் என்று முன்கூட்டியே நேரம் குறிப்பது, எப்போதும் கம்ப்யூட்டரில், பகலில். இரவில் ஒரு போன் முறை வைத்து ஒருவர் வீட்டுக்குப் போகும். பதில் சொல்ல மட்டும், பதிவு போட இல்லை.

எல்லாக் கணக்கையும் ஒரே ஜன்னலில் பாருங்கள், நேரம் மிச்சம் என்று கருவி விற்பவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஜவுளிக்கடையின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் மெட்டா பிசினஸ் சூட்டில் ஒரே இடத்தில் வைத்துத்தான் நாங்களும் பார்க்கிறோம். அது இலவசம். ஷெட்யூல், கமெண்ட், மெசேஜ் மூன்றும் அங்கேயே கிடைக்கும். யூடியூபுக்கு அதன் ஸ்டூடியோ போதும். ஹூட்சூட் 2023இல் இலவசத் திட்டத்தை நிறுத்திவிட்டது, ட்விட்டர் கணக்குகளைப் பார்க்கும் ட்வீட்டெக் கருவியும் அதே வருஷம் காசு கட்டினால்தான் என்று ஆனது. ஆறு வாடிக்கையாளருக்கு அந்தச் செலவு தேவையில்லை. ஒரே ஜன்னலில் இருக்கலாம். நம் சொந்த முகம் மட்டும் அந்த ஜன்னலில் இருக்கக் கூடாது.

காலை ஒன்பதரைக்கு வந்ததும் நாங்கள் எதுவும் போடுவதில்லை. முதல் முக்கால் மணி நேரம் பதில் மட்டும். முன்பெல்லாம் எந்தக் கணக்கில் சிவப்புப் புள்ளி அதிகமோ அதைத் திறப்போம். பேக்கரிதான் எப்போதும் ஜெயிக்கும். இப்போது வரிசை வேறு. யார் காத்திருப்பது வலிக்குமோ அவர் முதலில். பரிசோதனை நிலையம், பல் மருத்துவர், பள்ளிக்கூடம், அப்புறம் கடைகள். கேக்கில் முட்டை இருக்கா என்ற கேள்வி பத்தரை மணி வரை பொறுக்கும். ரிசல்ட் எப்போது என்ற கேள்வி பொறுக்காது. நிலையத்துக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும்: வெறும் வயிற்றில் வரணுமா, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பீர்களா. வாட்ஸ்அப் பிசினஸில் இவற்றுக்குப் பதில்களை எழுதிச் சேமித்துவைத்தால், சாய்கோடு ஒன்றைத் தட்டியதும் பட்டியல் வரும். ஆனால் ரிசல்ட் பற்றிய கேள்விக்கு மட்டும் சேமித்த பதில் அனுப்புவதில்லை. பெயரைப் பார்த்து, நிலையத்தில் கேட்டு, கையால் எழுதுகிறோம்.

அடுத்த வாரத்துக்கு என்ன போடுவது என்பதை வியாழக்கிழமை மதியம் ஒரே மூச்சில் எழுதி முடிக்கிறோம். கூகுள் ஷீட் ஒன்று. தேதி, கணக்கு, தமிழ் வாசகம், படத்தின் பெயர், யார் பார்த்துச் சரி சொன்னார் என்று ஐந்து கட்டங்கள். நாளுக்கு நாள் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் தினமும் காலையில் 'இன்னைக்கு என்ன போடறது' என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இப்போது அந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு தடவை.

ஒரே சரக்கை நாலு இடத்தில் அப்படியே ஒட்டுவதையும் விட்டுவிட்டோம். ஒரு சுங்குடிச் சேலை வருகிறது என்று வையுங்கள். ஃபேஸ்புக்கில் இருப்பவர்கள் கொஞ்சம் வயதானவர்கள். விலை, கடை முகவரி, போன் எண், தொட்டால் திறக்கும் லிங்க் எல்லாம் வேண்டும். இன்ஸ்டாகிராமில் வாசகத்துக்குள் லிங்க் போட்டால் தொட்டாலும் திறக்காது. அங்கே முடிச்சுப் புள்ளிகள் தெரிகிற மாதிரி துணியைக் கையில் விரித்துக் காட்டும் பத்து விநாடி வீடியோ போதும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம், விலை, அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் 'பச்சை இருக்கா' என்று கேட்டுவிடுவார்கள். யூடியூப் ஷார்ட்ஸில் மட்டும், கையால் முடிச்சுப் போட்டதையும் அச்சடித்ததையும் எப்படிப் பிரித்து அறிவது என்று கடைக்காரரையே பேச வைத்தோம். முடிச்சு அவிழ்ந்த இடத்தில் துணி லேசாக மேடிட்டிருக்கும், விரலால் தடவிப் பாருங்கள் என்று அவர் தன் விரலை வைத்துக் காட்டினார். படம் எடுத்தது ஒரு தடவைதான். வெட்டியது நாலு விதம்.

எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம் காசே செலவில்லாதது. ரயில் எஞ்சினுக்குள் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் சிக்னலைப் பார்த்ததும் அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். கண் பார்த்ததை வாய் சொல்லும்போது மூளை இன்னொரு தடவை பார்க்கிறது. எங்கள் குழுவில் ஒரு பெண்ணின் அப்பா ரயில்வேக்காரர். அவள்தான் இதைக் கொண்டுவந்தாள். இப்போது பட்டனை அழுத்துவதற்கு முன் ஒருவர் சத்தமாகச் சொல்வார்: "பல் ஆஸ்பத்திரி இன்ஸ்டா, ரூட் கேனல் வீடியோ." இன்னொருவர் திரையை எட்டிப் பார்த்து "ஆமா" என்பார். அதற்குப் பிறகுதான் பட்டன். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. இரண்டாவது வாரம் பேக்கரியின் கேக் படம் பள்ளிக்கூடப் பக்கத்துக்குப் போக இருந்ததை அந்த "ஆமா"தான் நிறுத்தியது. ஆமா வரவில்லை, "இரு இரு" என்று வந்தது.

சாவி யாரிடம்

2018 ஜனவரி 13, சனிக்கிழமை காலை 8.07க்கு ஹவாய்த் தீவுகளில் எல்லோர் போனிலும் ஓர் எச்சரிக்கை: ஏவுகணை வருகிறது, பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், இது பயிற்சி இல்லை. அது தவறுதலாக அனுப்பப்பட்டது. ஆளுநர் டேவிட் ஈகேவுக்கு 8.09க்கே அது தெரிந்துவிட்டது. அவர் ட்விட்டரில் மக்களுக்குச் சொன்னது 8.24க்கு. போன்களுக்குத் திருத்தச் செய்தி போனது 8.45க்கு. ஏன் உடனே ட்விட்டரில் எழுதவில்லை என்று பிறகு கேட்டபோது, தன் கணக்கின் உள்நுழைவு விவரமும் கடவுச்சொல்லும் தனக்குத் தெரியாது என்று ஆளுநர் ஒத்துக்கொண்டார். பிள்ளைகளைக் குளியல் தொட்டியில் படுக்கவைத்துவிட்டு, சாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு மக்கள் உட்கார்ந்திருந்த நிமிஷங்கள் அவை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2013 ஜனவரி 31, இங்கிலாந்து. எச்எம்வி கடைகளை நடத்திய நிறுவனம் நொடித்துப் போய் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. நாயும் கிராமபோனும் போட்ட இசைத்தட்டுகளாக நம் வீடுகளுக்குள் வந்த அதே பெயர்தான். ஆட்களை அனுப்பும் கூட்டம் நடக்கும்போதே நிறுவனத்தின் ட்விட்டரில் அதைப் பற்றி வரிசையாகப் பதிவுகள் வந்தன. ட்விட்டரை எப்படி மூடுவது என்று எங்கள் மார்க்கெட்டிங் இயக்குநர் கேட்கிறார் என்று அதிலேயே ஒரு பதிவு. எழுதியவர் அந்தக் கணக்கை நெடுநாளாகப் பார்த்துவந்த இளம் ஊழியர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்று இத்தனை காலம் கேட்காத மேலிடத்தின் மேல்தான் வருத்தம்.

நம் ஊர்க் கடைகளில் இதுதான் அன்றாடம் நடப்பது, சத்தமில்லாமல். நாங்கள் பொறுப்பெடுத்தபோது ஜவுளிக்கடையின் ஃபேஸ்புக் பக்கம், மூன்று வருஷம் முன்பு வேலையை விட்டுப் போன ஒரு பையனின் சொந்த ஐடியில் இருந்தது. இன்ஸ்டாகிராமுக்கு ஓடிபி அவன் போனுக்குத்தான் போகும். அவன் சிங்கப்பூரில். நல்ல பிள்ளை, தன் வேலை நேரத்துக்கு நடுவே போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்து, ஓடிபி வந்ததும் ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னான். அவன் கோபித்துக்கொண்டு போனவனாக இருந்திருந்தால் அத்தனை வருஷ வாடிக்கையாளரும் போனதுதான்.

அதற்குப் பிறகு எந்த வாடிக்கையாளரிடமும் நாங்கள் முதலில் செய்வது இதைத்தான். பக்கத்தின் முழு அதிகாரம் முதலாளியின் ஐடிக்கு. எங்களுக்கு வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும். யூடியூபிலும் உரிமையாளர், மேலாளர், எடிட்டர் என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். கடவுச்சொல்லைப் பகிரவே வேண்டாம். ஓடிபி போகும் சிம் கடையின் பெயரில், கடையின் மேசையறையில். இரண்டாவது அட்மினாக முதலாளி வீட்டில் இன்னொருவர். எங்களோடு நாளைக்கே அவர்கள் சண்டை போட்டுக்கொண்டு போனாலும் கணக்கு அவர்களிடமே இருக்கும்.

ஷெட்யூல் போட்டது தானாகப் போகும்

வியாழக்கிழமை எழுதி வைத்தது அடுத்த செவ்வாய்க்கிழமை தானாகப் போய்விடும் என்பது வசதி. அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நாளாக இருக்கும் என்று வியாழக்கிழமை யாருக்கும் தெரியாது. 2018 ஆகஸ்ட் 7 செவ்வாய்க்கிழமைதான். மாலையில் கலைஞர் கருணாநிதி மறைந்தார். தமிழ்நாடே கடைகளை அடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆடித் தள்ளுபடிப் பதிவு தானாகப் போயிருந்தால் அந்தக் கடையின் கதி என்ன?

அதனால் ஷீட்டின் மேலே சிவப்பு எழுத்தில் ஒரே வரி வைத்திருக்கிறோம்: இன்று நிறுத்துபவர் யார். தலைவர் மறைவு, வெள்ளம், விபத்து எது நடந்தாலும் அன்று பெயர் இருப்பவர் யாரையும் கேட்காமல் எல்லா ஷெட்யூலையும் டிராஃப்டுக்கு மாற்றலாம். பிறகு முதலாளிகளுக்குச் சொன்னால் போதும். அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் முதலாளி போன் எடுப்பதற்குள் பதிவு போய்விடும். தப்பாக நிறுத்தினால் ஒரு நாள் பதிவு போகாது, அவ்வளவுதான். இது வரை யாரும் அதற்குக் கோபப்படவில்லை.

அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார், வாடிக்கையாளர் பக்கம் யார் என்று 18 எண்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அதன் ஒரு பிரதி இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் இரவு பதினொன்றரைக்கு அந்த முதல் எண்ணைக் கூப்பிட்டுப் பார்ப்போம். எடுத்தால் சரி.

தீராத ஒன்று

ஹார்டுவேர் கடை முதலாளியின் வாட்ஸ்அப்பை மட்டும் எங்களால் பிரிக்க முடியவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் ஒரே எண், 18 வருஷமாக. கொத்தனார், எலெக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லோரிடமும் அந்த எண்தான். 2023இலிருந்து ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப் வைத்துக்கொள்ளலாம், கடைக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று போட்டுத் தருகிறேன் என்று பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "நம்பரை மாத்தினா அந்தாளுங்களுக்கு யாருப்பா சொல்றது? அவனுங்க எனக்குப் போன் பண்ணறானுங்க, கடைக்கா பண்ணறானுங்க?" என்கிறார்.

எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரிலும் அந்த வாட்ஸ்அப் இணைத்திருப்பதால் அவர் போடுவதெல்லாம் எங்களுக்கும் தெரியும். இன்று காலை ஸ்டேட்டஸில் முதலில் நாங்கள் செய்து கொடுத்த பிவிசி பைப் விலைப் பட்டியல். அதற்கு அடுத்து, பேரன் முதல் பிறந்தநாளுக்கு வேட்டி கட்டிக்கொண்டு சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்திருக்கும் படம். பத்து மணிக்குள் வந்த பதில்களில் பாதி குழந்தைக்கு வாழ்த்து. மீதிப் பாதி, முக்கால் இஞ்ச் பைப் இருக்கா அண்ணே.